அனிக் சொல்லிக்கொடுத்தது

டெஸ்மண்ட் அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் ஓட்டல்காரி உள்ளே போய் ஒரு கிண்ணம் சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

அவர் சூப் கேட்கவில்லை. பேருந்தில் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்த பிரெஞ்சு வாக்கியம் சரியாக வாயில் வருகிறதா என்று யாரிடமாவது சொல்லிப் பார்க்க நினைத்தார், அவ்வளவுதான். அவளோ நாற்காலியை அடுப்புப் பக்கமாக இழுத்துப் போட்டு, தோளைப் பிடித்து அவரை உட்கார வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா" என்றார் ஆங்கிலத்தில். அவளுக்கு அது புரியவில்லை. அவர் சொன்னதில் இருந்த "அனிக்" என்ற பெயரைத் திருப்பிச் சொல்லி நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சன்னல் வழியாக மாதா கோயிலுக்குப் பின்னால் தெரிந்த வீட்டைக் காட்டினாள்.

எதையோ தப்பாக உளறிவிட்டோம் என்று பயந்து சூப்பைத் தள்ளி வைத்தார். காலடியில் இருந்த பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதற்குள் அவர் மனைவி அனிக்கின் அஸ்திக் கலசம் இருந்தது.

டெஸ்மண்ட் இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் பேருந்து ஓட்டியவர். பிரான்சின் பிரிட்டனிப் பகுதியிலுள்ள இந்தக் கடலோரக் கிராமத்திலிருந்து அவரை நம்பிப் புறப்பட்டு வந்தவள் அனிக். "அந்த இங்கிலீஷ்காரனோட போனா இந்த வாசல்ல கால் வைக்காதே" என்றாராம் அவள் அப்பா. அவளும் வைக்கவில்லை. பிரெஞ்சு பேசுவதையே விட்டுவிட்டாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் இருவரும் ஆங்கிலத்திலேயே காலம் தள்ளினார்கள்.

ஆஸ்பத்திரியில், கடைசிக் காலத்தில்தான் அவள் வாய் திறந்தாள். "டெஸ், என்னை அம்மா கல்லறைப் பக்கத்துல வைக்கணும். நீயே போய் அப்பாகிட்ட கேளு."

"எழுதிக் கொடு. கொண்டுபோய்க் காட்டறேன்."

"எழுதிக் கொடுத்தா நீ கதவடியில போட்டுட்டு வந்துடுவ. வாயால கேக்கணும். யார்கிட்டயும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத ஆளு நீ. இந்த ஒரு தடவை கேட்டுடு."

மூச்சு வாங்க வாங்க ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுத்தாள். அவர் திக்கித் திக்கி ஒப்பித்தார். அதில் அனிக் என்ற பெயர் ஒன்றுதான் அவருக்கு விளங்கியது.

"இவ்வளவு நீளமா?"

"பிரெஞ்சு அப்படித்தான்" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் சிரித்து அவர் பார்க்கவில்லை.

மழை வலுத்திருந்தது. மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த வீட்டுக் கதவைத் திறந்த அனிக்கின் அப்பா, கிழவர் கெர்வெல்லாவுக்குத் தொண்ணூறை ஒட்டிய வயது. அனிக்கின் அதே நீண்ட மூக்கு. டெஸ்மண்ட் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொன்னார்.

 கிழவர் பையைப் பார்த்தார், டெஸ்மண்டைப் பார்த்தார். கரகரத்த குரலில் ஏதோ சொல்லி, உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே உயர்த்திக் காட்டினார். கதவு சாத்திக்கொண்டது.

டெஸ்மண்ட் தட்டினார். வாக்கியத்தை மறுபடி சொன்னார். மூடிய கதவின் முன்னால் சொற்கள் இடம் மாறின, பாதி மறந்தே போனது. உள்ளே கனமான எதையோ தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. கதவுக்கு முட்டுக் கொடுக்கிறார்.

"என்மேல உள்ள கோபத்தை அவமேல காட்டாதீங்க" என்று ஆங்கிலத்திலேயே கெஞ்சினார். "நான் இப்பவே போயிடறேன். அவளை மட்டும் எடுத்துக்கங்க. அவ என்ன பாவம் பண்ணா?"

  ஈரப் படியில் உட்கார்ந்து, தன் மேல்கோட்டைக் கழற்றிப் பையைச் சுற்றிப் போர்த்தினார். அவளைத் திரும்ப எங்கே கொண்டுபோவது? அந்தக் காலி வீட்டுக்கா? யாரைப் பார்க்க அங்கே போவது? வயதான மனிதர் ஒருவர் நடுத்தெருவில் அழுவதை யார் பார்த்தால் என்ன என்று விட்டுவிட்டார்.

ஒரு சின்னக் கார் வந்து நின்றது. கிழவருக்குத் தினமும் ஊசி போட வரும் நர்ஸ் எனோரா இறங்கினாள். சாவி போட்டுத் திறந்து உள்ளே போனவள் சற்று நேரத்தில் திரும்பி வந்தாள்.

"ஐயா, நீங்க ஏன் இன்னும் மழையில உக்காந்திருக்கீங்க?" தடுமாற்றம் இல்லாத ஆங்கிலம். "நான் அயர்லாந்துல வேலை பார்த்தவ. வாங்க, ஒரு கை பிடிங்க. மாடி அறைக்குக் கட்டிலை ஏத்த அவரால முடியல. 'ஒரு நிமிஷம் பொறுங்க'ன்னு உங்ககிட்ட சொன்னாராமே."

அவள் பின்னால் கிழவர் வந்து நின்றார். அழுது சிவந்த கண்கள். கைகளை நீட்டிப் பையை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார்.

"கட்டில் எதுக்கு?" என்றார் டெஸ்மண்ட். "அவங்க அம்மா பக்கத்துல அவளுக்கு ஒரு இடம் வேணும்னுதானே நான் கேட்டேன்."

எனோரா விளங்காமல் அவரைப் பார்த்தாள். கிழவரிடம் கேட்டாள். அவர் சொன்னதை இரண்டு தரம் கேட்டுக்கொண்டாள்.

"அவங்களுக்கு அந்த இடம் எப்பவும் இருக்காம். மகளுக்கு அதை யாரும் வந்து கேக்க வேண்டியதில்லைங்கறாரு. நீங்க கேட்டது வேற."

"நான் என்ன கேட்டேன்?"

"'நான் அனிக்கோட புருஷன், அவ போயிட்டா, எனக்கு இனிமே யாருமில்ல, என்னை உங்ககூட வச்சுக்கோங்க'ன்னு கேட்டிருக்கீங்க."