பேர் சுமந்த திரை

நாரை நடத்திய நாடகக் குழுவில் நடிப்புக்குப் பஞ்சமில்லை, காசுக்குத்தான் பஞ்சம். நன்கொடை திரட்டும் வேலையை அணில் ஏற்றுக்கொண்டது.

முதலில் பால் கம்பெனி எருமையிடம் போனது. "தர்றேன். ஆனா மேடைத் திரையில என் பேரு இருக்கணும். பித்தளை எழுத்துல, பெரிசா," என்றது எருமை. தானியக் கிடங்குப் பெருச்சாளி அதைவிட ஒரு சாண் பெரிதாகக் கேட்டது. தேன் ஏஜென்சிக் கரடியோ, தன் பேரோடு மனைவி பேரும் மாமனார் பேரும் வேண்டும் என்றது. அணில் யாருக்கும் முடியாது என்று சொல்லவில்லை.

திரும்பும் வழியில் எறும்பு ஒரு சர்க்கரைத் துணுக்கை நீட்டியது.

"பேரு எப்படிப் போடணும்?" என்று கேட்டது அணில்.

"பேரெல்லாம் வேணாங்க. நாடகம் பாக்க விட்டாப் போதும்."

'விவரம் தெரியாத ஆளு' என்று அணில் மனசுக்குள் சிரித்துக்கொண்டது.

அரங்கேற்ற நாளில் மணி அடித்ததும் நாரை கயிற்றை இழுத்தது. திரை அசையவில்லை. குழுவே சேர்ந்து தொங்கியும், அத்தனை பித்தளையும் ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. வேறு வழியில்லாமல் திரைக்குப் பின்னாலேயே நாடகத்தைத் தொடங்கினார்கள்.

முன்வரிசையில் எருமை தன் பேரைப் படித்துவிட்டுக் கைதட்டியது. பெருச்சாளி தன் பேரைப் படித்துவிட்டுக் கைதட்டியது. கரடி குடும்பத்தோடு திரைமுன் நின்று படம் எடுத்துக்கொண்டது. "பிரமாதம்! அடுத்த வருஷமும் நாங்கதான்," என்று மூவரும் அணிலிடம் சொன்னார்கள்.

திரைக்கு அடியில் நுழைந்து போயிருந்த எறும்பு, கடைசியில் கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்தது.

"உள்ள என்னப்பா?" என்றது எருமை.

"நாடகம்ங்க."

"ஓ, அது வேறயா!"