புகை அடுப்புக்குக் கடைசித் தவணை

பின்கட்டில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் பழைய இரும்பு அடுப்பு, கணவர் துருவெல்லாம் தேய்த்தெடுத்துப் பூசிய கறுப்பில் மினுங்குகிறது. ஆனால் மூடியைச் சாத்தியதும் கரி அணைந்துவிடுகிறது. இன்று பற்றாவிட்டால் அடுப்பைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்பது மனைவியின் தீர்ப்பு. பழைய இரும்புக்காரர் வண்டியோடு வந்து கதவோரம் நிற்கிறார். "அவசரமில்ல சார், நிதானமா ஊதுங்க" என்று சிரிக்கிறார். கணவரின் மூக்கு நுனியில் கரி. "துரு தின்ன ஓட்டையெல்லாம் பசை வெச்சு அடைச்சாச்சு. இன்னும் என்ன வேணுமாம் இதுக்கு?" மனைவி குந்தி உட்கார்ந்து அடுப்பின் அடிப்பக்கத்தைத் தடவுகிறார். ஒரே அளவில், ஒரே வரிசையில் வட்ட வட்டமாகப் பசை. "ஏங்க, துரு என்ன அளவெடுத்தா தின்னும்? காத்து போற ஓட்டையையுமா அடைச்சு வெச்சீங்க?" கணவர் கூரையைப் பார்க்கிறார். மனைவியே திருப்புளியால் பசையைக் குத்திப் பெயர்க்கிறார். மறுபடி மூட்டிய கரி, மூடியைச் சாத்திய பிறகும் உள்ளே சிவந்துகொண்டே போகிறது. குழாய் வழியே புகை நீல நூலாக எழுகிறது. கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மனைவியின் முகத்தைப் பார்க்கிறார். மனைவி புகையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறார்: "அண்ணே, நீங்க கிளம்புங்க. இல்ல, சாப்பிட்டுப் போறதுன்னா வண்டிய ஓரமா நிறுத்துங்க."