பெருமாள்சாமி நினைவு அலமாரி

கடைசிப் புத்தகத்திலும் ‘தம்பி பெருமாள்சாமி நினைவாக, அண்ணன் கண்ணுசாமி, ஆயக்குடி’ என்ற சீட்டை ஒட்டி முடித்தபோது நூலகர் ஜோஸ்பினுக்குக் கண் கலங்கிவிட்டது. எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கண்ணுசாமி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

திண்டுக்கல்லில் அந்தக் கிளை நூலகத்துக்கு ஜோஸ்பின் மாற்றலாகி வந்ததிலிருந்து, மாடித்தோட்டம் போடப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்காத வாசகர் இல்லை. இருந்ததெல்லாம் செல்லரித்த பழசு. அந்த நேரத்தில்தான் கண்ணுசாமி வந்து, செடி கொடி, உரம், பறவை என்று ஓர் அலமாரி நிறையப் புதுப் புத்தகங்கள் வாங்கித் தருவதாகச் சொன்னார்.

கூடவே நிபந்தனையும் போட்டார். புத்தகம் ஒவ்வொன்றிலும் தம்பி பெயர் இருக்க வேண்டும். விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக பி.எஸ்.தான் வர வேண்டும். அழைப்பிதழில் மட்டும் தன் பெயரும் கூடாது, தம்பி பெயரும் கூடாது.

பி.எஸ். என்றால் ஊருக்கே தெரியும். தோட்டம் துரவு எதைக் கண்டாலும் வளைத்து பிளாட் போட்டு விற்கிறவர். தோட்டக்கலைப் புத்தகத்துக்கு இந்த ஆளா என்று ஜோஸ்பின் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

“எங்க கொய்யாத் தோப்ப அழிச்சது அந்தாளுதானுங்க அம்மிணி. அப்பன் வெச்ச மரம். நானும் என்ற தம்பியும் கொடத்துல தண்ணி சொமந்து ஊத்தி வளத்தோம். ஒரே நாள்ல ஜேசிபிய வுட்டுச் சாச்சுப்போட்டான்.”

“தம்பி எப்பய்யா தவறுனாரு?”

“மரம் சாஞ்ச அன்னிக்கேதானுங்க.”

பாவம், நெஞ்சு வெடித்துப் போயிருப்பார் என்று ஜோஸ்பின் நினைத்துக்கொண்டாள். அவளுக்கும் ரத்தம் கொதித்தது. நாலு பேர் பார்க்க அந்த ஆளைத் தலைகுனிய வைத்தால்தான் மனசு ஆறும் என்று தோன்றியது.

கண்ணுசாமியின் கணக்கும் அதுதான். “அவன் கையாலயே பொஸ்தகத்தப் பிரிக்கோணும். அந்தப் பேர அவனே படிக்கோணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க” என்றார்.

விழாவன்று பி.எஸ். வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். சால்வையைப் போர்த்திக்கொண்டு, மரம் வளர்ப்பது நம் ஒவ்வொருவரின் கடமை என்று கொஞ்சமும் கூசாமல் பேசினார். கூட்டமும் கை தட்டியது. கண்ணுசாமி கடைசி வரிசையில், தூணின் மறைவில் உட்கார்ந்திருந்தார்.

ஜோஸ்பின் வேண்டுமென்றே கொய்யா வளர்ப்புப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். பி.எஸ். கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே அட்டையைத் திறந்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அவசரமாக அடுத்ததைத் திறந்தார், அதற்கடுத்ததையும் திறந்தார். எல்லாவற்றிலும் அதே சீட்டு.

முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. நன்றாக வேண்டும் என்று ஜோஸ்பினுக்கு உள்ளம் குளிர்ந்தது. இதோடு விடக்கூடாது என்று மைக்கை அவர் வாயருகில் கொண்டுபோனாள்.

“இறந்துபோன இந்த விவசாயியப் பத்தி நீங்க நாலு வார்த்தை சொல்லணும் சார்.”

பி.எஸ். கண்களால் கூட்டத்தைத் துழாவினார். தூணின் மறைவிலிருந்து கண்ணுசாமி எழுந்து வந்து, துக்க வீட்டு வாசலில் நிற்பவரைப் போல அவரைப் பார்த்துக் கைகூப்பினார்.

பி.எஸ்.ஸின் குரல் மைக்கில் வெளியே வந்தது.

“அண்ணா... நான் உசுரோடதான இருக்கறேன்.”