செவலையின் வால்

"ருக்மணி, உன் சீப்பு எங்க இருந்துச்சு தெரியுமா? மாட்டுக் கொட்டாயில!"

மரச் சீப்பைத் தூக்கிப் பிடித்தபடி வந்து நின்றாள் அக்கா நாராயணம்மா. சீப்பில் செவலை எருதின் வால் மயிர் நாலைந்து மாட்டிக்கொண்டிருந்தது. பற்களில் ஒன்று விட்டு ஒன்று உடைந்திருந்தது.

"பொண்டாட்டி சீப்பை மாட்டு வாலுக்குப் போடற மனுசனை இன்னிக்குத்தாண்டி பார்க்கிறேன்!"

ருக்மணி சீப்பை வாங்கிப் பார்த்தாள். ஒரு மாதம் விஷ ஜுரத்தில் கிடந்து, இப்போதுதான் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள். முழங்கால் வரை தொங்குகிற கூந்தல் அவளுக்கு. வேப்பனப்பள்ளியில் அதைப் பார்த்துக் கண் வைக்காத பெண் பிள்ளை கிடையாது. அது தலையணையில் புரண்டு புரண்டு, பிடரியில் தேங்காய் அளவுக்குச் சிக்கு விழுந்துவிட்டது.

தங்கைக்கு ஒத்தாசையாகச் சூளகிரியிலிருந்து நேற்று வந்திறங்கிய நாராயணம்மா, வந்த கையோடு சீப்பை எடுத்து உச்சியிலிருந்து ஓர் இழுப்பு இழுத்தாள். மயிர் கொத்தாகக் கையோடு வந்தது. ருக்மணி பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் மட்டும் பொலபொலவென்று தண்ணீர்.

"வலிக்குதாடி?"

"இல்லக்கா, நீ வாரு."

வாசற்படியில் நின்றிருந்த ருக்மணியின் புருஷன் மாதப்பன் விடுவிடுவென்று வந்து சீப்பைப் பிடுங்கிக்கொண்டான்.

"யாரும் அவ தலையில கை வெக்க வேணாம்!"

சொல்லிவிட்டுப் போனவன்தான். அந்தச் சீப்புதான் இப்போது இந்தக் கோலத்தில் வந்திருக்கிறது.

இந்த ஜுரத்துக்குப் புதுசாக ஏதோ மாத்திரை வந்திருக்கிறதாம் என்று கேள்விப்பட்டதும், வண்டி கட்டிக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு ஓடி வாங்கி வந்தவனும் அவனேதான். மனுஷனுக்கு அதற்குள் என்ன வந்துவிட்டது என்று ருக்மணிக்கு விளங்கவில்லை.

அன்றிலிருந்து அவன் வீட்டுக்குள் வருவது சாப்பாட்டுக்கு மட்டும். மற்ற நேரமெல்லாம் கொட்டகைதான். ஒட்டுப்புல்லும் சாணியும் சேர்ந்து சிக்குப் பிடித்துக் கிடந்த செவலையின் வாலில் விளக்கெண்ணெயைத் தடவி, மணிக்கணக்காக வாரிக்கொண்டிருந்தான். மாலூர்ப் பக்கம் வாங்கிய எருது அது. அதற்குக் கன்னடம்தான் புரியும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை.

"நோவாய்த்தா? நோவாய்த்தா, ராஜா?"

உள்ளே படுத்திருந்தவள் காதில் அது விழும். வலித்ததா என்று கேட்கிறானாம், மாட்டை! கட்டின பெண்டாட்டியை அப்படி ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை.

முதல் இரண்டு மூன்று நாள் நொண்டிக்கொண்டே சாப்பிட வந்தான். முழங்காலுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது.

"என்னாச்சு?"

"செவலை உதைச்சிடுச்சு."

நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டாள் ருக்மணி. நினைத்துவிட்டு, மஞ்சள் பற்றுப் போடச் சொல்லி அக்காவை ஏவினாள். அது வேறு விஷயம்.

நாராயணம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போகத்தான் மாட்டுக்கு இத்தனை சிங்காரம். உன் தலை எக்கேடு கெட்டா அவனுக்கென்ன? வியாழக்கிழமை நான் ஊருக்குத் திரும்பணும். அதுக்குள்ள கத்தரிச்சு விட்டுடறேன். மயிர்தானே, முளைச்சுக்கும்."

"கத்தரிச்சுடுக்கா" என்றாள் ருக்மணி. கூந்தல் போவதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அவனுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லையே என்பதுதான் அவள் நெஞ்சை அறுத்தது.

வியாழக்கிழமை காலை. நாராயணம்மா கத்தரிக்கோலோடு உட்கார்ந்தாள். ருக்மணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அதை உள்ள வெச்சுடுங்க."

மாதப்பன் நின்றிருந்தான். ஒரு கையில் எண்ணெய்க் கிண்ணம். இன்னொரு கையில் இரண்டணாச் சீப்பு ஒன்று, புத்தம் புதுசு. ஆனால் அதிலும் பற்கள் ஒன்று விட்டு ஒன்று உடைக்கப்பட்டிருந்தன.

வந்து ருக்மணியின் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"ஆம்பளை பொம்பளைக்குத் தலை வாரறதா? ஊரே சிரிக்கும்!" என்றாள் நாராயணம்மா.

"சிரிக்கட்டும்."

அவன் உச்சிப் பக்கம் போகவே இல்லை. நுனியைக் கையில் எடுத்தான். எண்ணெயில் ஊறவிட்டு, விரலால் இழை இழையாகப் பிரித்தான். மேலே முடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே பல் இடைவெளி அகன்ற அந்தச் சீப்பை ஓட்டினான். இழுப்பு அவன் கையோடு நின்றது, தலைக்குப் போகவில்லை. ஒரு விரற்கடை அவிழ்ந்ததும் இன்னும் ஒரு விரற்கடை மேலே ஏறினான்.

வலி இப்போது வரும், இதோ வரும் என்று ருக்மணி காத்திருந்தாள். வரவில்லை. வெயில் முற்றத்தைத் தாண்டிப் போயிற்று. தேங்காயாக இருந்த சிக்கு எலுமிச்சம்பழ அளவுக்கு வந்திருந்தது. கத்தரிக்கோலைக் கீழே வைத்த நாராயணம்மா, பஸ்ஸை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓரிடத்தில் சீப்பு லேசாக மாட்டியது. ருக்மணி பல்லைக் கடிப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நோவாய்த்தா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் என்ன செவலையா?"

"பழக்கத்துல வந்துடுச்சு" என்றான் கூச்சத்தோடு.

"அப்ப, பத்து நாளா அந்த மாட்டு வாலோட என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

மாதப்பனின் கை நின்றது.

"எடுத்த எடுப்புல உன் தலையில கை வெக்க பயமா இருந்துச்சு ருக்கு. உனக்கு எவ்வளவு வலிச்சாலும் நீ சொல்ல மாட்டே. செவலை அப்படியில்ல, உதைச்சுச் சொல்லிடும்" என்றான். "நாலு நாளா அது உதைக்கல. அதான் இன்னிக்கு வந்தேன்."