மீனுக்கு வைத்த தண்ணீர்

பக்கெட் இன்றைக்கும் கவிழ்ந்துதான் கிடந்தது.

மாப்பிள்ளைக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. நேற்று ராத்திரி அவனே குழாயைத் திறந்து விளிம்பு வரை பிடித்து வைத்த தண்ணீர், ஒரு சொட்டு கூட மிச்சமில்லை. பக்கெட்டைப் பளிச்சென்று கழுவி, குளியலறைச் சுவரோரமாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

கூடத்தில் மீன் தொட்டி கலங்கிப் போயிருந்தது. தண்ணீர் மாற்றிப் பல நாளாயிற்று. தங்கமீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பாவம், யாரைத் திட்டுவதென்று அவற்றுக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளைக்கு நன்றாகவே தெரியும்.

மாமனார் வீட்டில் கூரை வேலை நடக்கிறது. அது முடியும் வரை மாமனாரும் மாமியாரும் இங்கேதான். அவர்கள் வந்த நாளிலிருந்து இந்தக் கூத்தும் நடக்கிறது.

"உங்க அம்மாகிட்ட நீ சொல்றியா, இல்ல நான் சொல்லட்டுமா?" என்று மனைவியைப் பிடித்துக்கொண்டான்.

"கேட்டேங்க. நாம குடிக்கிற தண்ணி மீனுக்கு ஆகாதா, அது என்ன பெரிய இடத்துப் பிள்ளையான்னு சிரிக்கிறாங்க."

"நாம குடிக்கலாம். குழாய்த் தண்ணியில கலக்குற குளோரின் மீனோட செவுளை அரிச்சிடும். ஒரு நாள் முழுக்கத் திறந்து வச்சாத்தான் அது போகும்."

"அதுக்குத்தான் சொட்டு மருந்து விக்குதே. வாங்கி ரெண்டு சொட்டு விடுங்க. இல்லன்னா பக்கெட்டை வேற எங்கயாவது வைங்க."

"மருந்தெல்லாம் வேணாம். என் வீட்டுல என் பக்கெட்டை நான் ஏன் ஒளிச்சு வைக்கணும்?"

அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். வீம்பு பிடித்தவனோடு காலை நேரத்தில் யார் மல்லுக்கட்டுவது?

மாமனார் மாமியாரைப் போல இல்லை. பெரிய தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தவர். எதைச் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்பார், கேள்வி கேட்பார், கடைசியில் "கரெக்ட்" என்பார். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்த மாப்பிள்ளைக்கு, அந்த இடத்தில் இப்படி ஒரு மனிதர் கிடைத்ததில் வெளியே சொல்லாத பெருமை.

அன்று ராத்திரி மறுபடி தண்ணீர் பிடித்தான். "மீன் தண்ணீர், கொட்டக் கூடாது" என்று கொட்டை எழுத்தில் எழுதி பக்கெட்டில் ஒட்டினான்.

காலையில் பக்கெட் கவிழ்ந்து கிடந்தது. அந்தக் காகிதத்தை நனையாமல் பிரித்தெடுத்துக் கதவில் ஒட்டியிருந்தார்கள்.

மாப்பிள்ளை பொறுமையிழந்துவிட்டான். சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் கேட்டேவிட்டான்.

"அத்தை, ஒரு பக்கெட் தண்ணிக்குக் கூட இந்த வீட்டுல எனக்கு உரிமை இல்லையா? அந்த மீனுங்க செத்தா உங்களுக்குத் திருப்தியா?"

மாமியாரின் முகம் சுருங்கிப் போயிற்று. "மறந்துட்டேன் மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

"நானும் எத்தனையோ தடவை சொல்லிட்டேன்" என்றார் மாமனார். "நின்ன தண்ணின்னா நின்ன தண்ணிதான். அதுல யாரும் கை வைக்கக் கூடாது. இதைக் கூடப் புரிஞ்சுக்கலைன்னா எப்படி?"

மாமியார் தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் விடிவதற்குள் மாப்பிள்ளை எழுந்துவிட்டான். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்ற முடிவோடு, சத்தமில்லாமல் குளியலறைப் பக்கம் போனான்.

கதவு பாதி திறந்திருந்தது. கண்ணாடி முன்னால் மாமனார். முகம் நிறைய சோப்பு நுரை. ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடியே ஷேவிங் பிரஷ்ஷை மீன் தண்ணீரில் முக்கி, நன்றாக ஒரு கலக்கு கலக்கினார். அடுத்தது ரேசர்.

மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் யாரோ அவன் கையைப் பிடித்து இழுத்தார்கள். மாமியார். சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்த்தான் கையை விட்டார்.

"தினமும் இதுதானா அத்தை?"

"குழாயில வர்ற தண்ணி சில்லுன்னு இருக்காம். இது இதமா இருக்காம். சொன்னா சரி சரிம்பாரு. விடிஞ்சா மறந்துடுவாரு. இப்பல்லாம் அவருக்கு மறதி கொஞ்சம் அதிகம்."

"அப்ப அதைக் கொட்டிட்டு வேற தண்ணி பிடிச்சு வச்சிருக்கலாமே. எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"நின்ன தண்ணின்னு நம்பி நீங்க தொட்டியில ஊத்திட்டா? அதுங்க செவுள் என்னத்துக்கு ஆகும்? அதான் உங்க கண்ணுல படுற மாதிரி கவுத்து வச்சேன்."

இத்தனை நாள் அவன் பேசிய குளோரின் பிரசங்கத்தை அந்த வீட்டில் ஒழுங்காகக் கேட்டது இவர் ஒருவர்தான். மாப்பிள்ளைக்கு வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

குளியலறையிலிருந்து மாமனாரின் குரல் கேட்டது. "இங்க பாரு, இன்னைக்காவது அந்தப் பக்கெட்டைத் தொடாம இரு. மாப்பிள்ளை மீனுக்கு வச்சிருக்காரு."

"சரிங்க" என்று மாமியார் இங்கிருந்தே பதில் சொன்னார். "தொட மாட்டேன், நீங்க வாங்க."

மாப்பிள்ளை குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நேத்து நான் அவ்வளவு பேசினேனே அத்தை. அப்பவாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

மாமியார் பாலை அடுப்பில் ஏற்றினார்.

"என்னைப் பத்தி நீங்க என்ன வேணா நெனச்சுக்கலாம், மாப்பிள்ளை. அவரை நீங்க அப்பாவா நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரலை."