கோட்டில சொன்னத சொல்லு

“கோட்டில சொன்னத அப்பிடியே அம்மனுக்கு முன்னால சொல்லு புள்ள. சொல்லிட்டுக் கற்பூரத்த அடி. நான் கையெழுத்து வைக்கிறன்.”

வாவிக்கரைப் பேச்சியம்மன் கோயில் வாசலில் நின்று வல்லிபுரம் சொன்னார். கொலையுண்ட நிலோஜனின் தகப்பன் அவர். எதிரே நின்றவள் கஜானி. அந்தக் கொலைக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டு மறியல் கம்பிக்குள் கிடக்கும் ரதீஸின் பெண்சாதி. வேலிக்கு வெளியே வேப்பமர நிழலில் அவளுடைய சட்டத்தரணி ஸாஹிர், தட்டச்சு செய்த சத்தியக் கடதாசியோடு காத்திருந்தார்.

மேன்முறையீடு அடுத்த மாதம். விடியப்புறம் வாவித் தண்ணீருக்குள் நிற்கும் கண்டல் மரக் காட்டுக்குள் வலை எடுக்கப் போன நிலோஜனை அடித்துக் கொன்றது யார் என்று கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. கஜானியின் தங்கை மேனுகாவின் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு நிலோஜன் அவளை மிரட்டி வந்தான். உன்னை உயிரோடு விடமாட்டேன் என்று ரதீஸ் சந்தியில் நாலு பேர் பார்க்கக் கத்தினான். அவன் தோணி வலிக்கும் சவள் துடுப்பில் இரத்தம் இருந்தது. இவ்வளவையும் சேர்த்து இறுக்கிக் கட்டியது வல்லிபுரத்தின் சாட்சிதான். கண்டல் ஓரமாக ரதீஸின் தோணி போனதைக் கண்டேன், அதில் ரதீஸ் இருந்தான் என்று அவர் கூண்டில் ஏறிச் சொன்னார்.

உண்மையில் வல்லிபுரம் தோணியில் இருந்தவரின் முகத்தைக் காணவில்லை. மங்கல் வெளிச்சத்தில் நீலச் சேட்டுப் போட்ட ஒரு முதுகைத்தான் கண்டார். ரதீஸின் தோணியில் ரதீஸ் போகாமல் வேறு யார் போவது? அப்படித்தான் நினைத்தார். ஆனால் இந்த நான்கு வருசமும் அந்த முதுகு அவரை நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை. முகத்தைக் காணவில்லை என்று எழுதிக் கொடுத்தால் வழக்கின் முதுகெலும்பே முறிந்துவிடும் என்று ஸாஹிர் நடையாய் நடந்து கேட்டார். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் சும்மா எழுதிக் கொடுப்பாரா? அம்மன் சொல்லட்டும், எழுதித் தருகிறேன் என்றார்.

கஜானி கோட்டில் சாட்சியாகச் சொன்னது இரண்டே வரி. இராத்திரி நாங்கள் இரண்டு பேரும் ஒரே பாயில் கிடந்தோம். விடியும் மட்டும் ஒருவரும் எழும்பவில்லை. பெண்சாதி புருசனை விட்டுக்கொடுப்பாளா என்று அங்கே அதைத் தள்ளிவிட்டார்கள்.

ரதீஸ் அந்தக் கொலையைச் செய்யவில்லை என்பது கஜானிக்கு நன்றாகத் தெரியும். போன கிழமை மறியலில் பார்க்கப் போனபோது அவன் முகத்தில் நெடுநாளைக்குப் பிறகு சிரிப்பு இருந்தது. “நான் தூங்கினது உனக்குத் தெரியும்தானே கஜா? பயப்படாம அடி. மகளப் பள்ளிக்கு இனி நான் கூட்டிப் போவன்.”

பூசாரி படியில் கற்பூரத்தைக் கொளுத்தினார். பேச்சிக்கு முன்னால் பொய்ச் சத்தியம் செய்து கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தவர் வீட்டில் பிள்ளை தங்காது என்பது அந்த ஊர் நம்பிக்கை. தங்காமற்போன வீடுகளை விரல் விட்டு எண்ணிச் சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள். கஜானிக்கு இருப்பது ஒரே மகள். ஆறு வயது.

உயர்ந்த கை அப்படியே நின்றது.

“அவர் உங்கட மகன ஒண்டும் செய்யல்ல மாமா. அதுக்கு அடிக்கிறன். எத்தின தரம் எண்டாலும் அடிக்கிறன்.”

“அது உனக்கு எப்பிடித் தெரியும்? பக்கத்தில கிடந்தவளுக்குத்தான் தெரியும். கிடந்தன் எண்டு சொல்லிட்டு அடி.”

அவள் கையைக் கீழே விட்டாள். கோட்டில் சொன்னதுதானே தங்கச்சி, சொல்லுங்கள் என்று ஸாஹிர் வேலிக்கு வெளியே இருந்து கெஞ்சினார். கற்பூரம் எரிந்து முடிந்து படியில் கறுப்பு மட்டும் மிஞ்சியது. பூசாரி இன்னொன்றைக் கொளுத்தினார். அதுவும் எரிந்து முடிந்தது. கஜானி வல்லிபுரத்தின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவர் காலை மெல்ல விடுவித்துக்கொண்டார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை.

“அவன் செய்திருக்கப்படாது எண்டு நேந்துகொண்டுதான் புள்ள நானும் வந்தன். இனி எனக்குச் சந்தேகம் இல்ல.”

அவர் போய்விட்டார். ஸாஹிர் கடதாசியை மடித்துக் கோவைக்குள் வைத்தார். இனி மேன்முறையீட்டில் பேச ஒன்றும் இல்லை என்பது அவருடைய முகத்திலேயே தெரிந்தது. கோட்டில் பிழை நடக்கலாம், அம்மனிடம் பிழை நடக்காது என்று வேலியோரம் நின்ற சனம் பேசிக்கொண்டு கலைந்தது. கஜானி மணலில் உட்கார்ந்தாள். மகளின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை.

ரதீஸ் அன்றைக்கு விடியும் மட்டும் பாயை விட்டு எழும்பவேயில்லை. ஆனால் பெண் கால் வைத்தால் மீன் படாது என்று பெண்களைத் தோணிக்குக் கிட்டவும் விடாத அந்த ஊரில், அவனுடைய சேட்டைப் போட்டுக்கொண்டு தங்கச்சிக்காகக் கண்டலுக்குள் சவள் வலித்துப் போனவள் கஜானி என்று நினைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை, அவளுடைய புருசனுக்குக்கூட.