பெண்ணை விழுங்கிய ஊர்

"அந்தப் பொண்ணை எந்தக் கிணத்துல போட்டீங்க?"

பெட்ரோல் போட வந்த இரண்டு பேர் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். கடைக்காரி ராலீன் முகம் மாறாமல், கறி அடைத்த மீட் பை பொட்டலத்தை நீட்டினாள். "இங்க கிணறே கிடையாது. தண்ணி குழாய்ல வருது. போய்ட்டு வாங்க."

முல்கரா என்ற இந்த ஊர்ப் பேரைச் சொன்னாலே ஆஸ்திரேலியா முழுக்கச் சிரிப்புத்தான். "சேட்டை பண்ணினா முல்கராவுல இறக்கி விட்டுடுவேன்" என்று சிட்னியில் பிள்ளைகளை மிரட்டுகிறார்கள். 'முல்கராவிலிருந்து உயிரோடு திரும்பினேன்' என்று அச்சடித்த பனியனை அடுத்த ஊர்க்காரனே விற்கிறான். எல்லாம் முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் காணாமல் போன பதினேழு வயது லீயானால் வந்த பேர்.

ஓர மேசையில் உட்கார்ந்திருந்த ஜாரட் இதையும் பதிவு செய்துகொண்டான். துப்புக் கிடைக்காத கொலைகளைப் பற்றிப் பாட்காஸ்ட் நடத்துகிறவன். பதினோரு மணி நேரம் காரோட்டி வந்திருந்தான்.

"ஊருக்கு இதான் பேரு. நீங்க ஏன் ராலீன் இன்னும் வக்காலத்து வாங்கறீங்க?"

"என் ஊரு தம்பி. நான் பேசாம யார் பேசுவா? பத்தொம்பது நாள் ஆட்டு மந்தையை அப்படி அப்படியே போட்டுட்டு ஊரே அவளைத் தேடிச்சு. கால் வெடிச்சு ரத்தம் வரத் தேடினாங்க. அவங்களைத்தான் கொலைகாரங்கங்கறீங்க."

"அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் வண்டியை ஹைவேல பார்த்தாங்களாமே?"

"பார்த்தாங்க. போலீஸ் என் தோட்டத்தை மூணு தடவை தோண்டிச்சு. உருளைக்கிழங்குதான் கிடைச்சுது." அவள் மேசையை அழுத்தித் துடைத்தாள். "என் புருஷன் கிளென் அந்தக் கெட்ட பேரோடயே செத்தாரு."

கதவு திறந்தது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெர்வ் உள்ளே வந்தார். லீயானின் அப்பா. எழுபத்தெட்டு வயது. வெளியூரிலிருந்து யார் விசாரிக்க வந்தாலும் தானே தேடி வந்துவிடுவார். ஜாரட் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"இந்த ஊருதான் என் குழந்தையை முழுங்கிடுச்சு," என்றார் மெர்வ். "இங்க யாருக்கோ தெரியும் தம்பி. சொல்ல மாட்டேங்கறாங்க."

சுவரில் வெளுத்துப்போன 'காணவில்லை' நோட்டீசில் லீயான் சிரித்துக்கொண்டிருந்தாள். இடது கையில் மாவுக்கட்டு.

"கை எப்படி உடைஞ்சுது?" என்று மெதுவாகக் கேட்டான் ஜாரட்.

"படியில விழுந்துட்டா. கவனமே பத்தாது அவளுக்கு." மெர்வ் சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். கம்ப்யூட்டரில் வயதைக் கூட்டி வரைந்த முகம். "இப்ப இருந்தா இப்படித்தான் இருப்பா. உன் நிகழ்ச்சியில போடு. யாராவது எங்கயாவது பார்த்தா எனக்கு மட்டும் சொல்லச் சொல்லு. போலீசெல்லாம் வேண்டாம்."

ராலீன் ஊற்றிய டீ கோப்பை நிரம்பித் தட்டில் வழிந்தது. அவள் கவனிக்கவில்லை.

ஜாரட் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான். "இவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க ராலீன், இந்த ஊரு ஒண்ணும் பண்ணலைன்னு."

வெளியே காற்று தகரக் கூரையைப் பிடித்து ஆட்டியது. ராலீன் மெர்வை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்த ஊர்ல யாரும் அவளைக் கொல்லலை."

"ஆதாரம் இருக்கா?"

"இல்லை."

ஜாரட்டுக்கு அது போதும். அந்த 'இல்லை'யை ஒரு தடவை ஓட்டிக் கேட்டுவிட்டுக் கருவியை மூடினான். போகிற வழியில் ரயில் பாலத்தடியில் காரை நிறுத்தி, லீயானின் ஆவி நிற்பதாகச் சொல்லும் இடத்தைப் படம் பிடித்துக்கொண்டு போனான்.

மெர்வ் கடைசியாகத்தான் எழுந்தார். "எப்பவாவது மனசு வந்தா சொல்லு ராலீன். நான் காத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் தெருவைக் கடக்கும்வரை ராலீன் அசையவில்லை. எதிர்ச் சாரியில் பேக்கரி மூடிக் கிடந்தது. அதற்கப்பால் பள்ளிக்கூடம்; பேர் கெட்ட ஊரில் ஆள் குறைந்து ஒன்பது வருஷமாகப் பூட்டு. ஆவியைப் பாலத்தடியில் தேடுகிறார்கள். அவளுக்கோ பூட்டின ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் அந்த மாவுக்கட்டுப் போட்ட பெண்தான் நின்றாள். கிளென்கூட இப்போதெல்லாம் கனவில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

சரக்கறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். எங்கேயும் எழுதி வைக்காத ஒரு நம்பரைப் போனில் மனப்பாடமாக அழுத்தினாள்.

"வந்தவன் போயிட்டானா?" என்றது ஒரு பெண்குரல்.

"போயிட்டான்."

"மறுபடி ஊரைத்தான் திட்டினானா?"

"அதெல்லாம் பழகிப்போச்சு."

அந்தக் குரல் உடைந்தது. "எத்தனை வருஷம் எனக்காக எல்லாருமா இந்தக் கெட்ட பேரைச் சுமப்பீங்க? இந்தத் தடவை நானே வந்து எல்லார் முன்னாடியும் நின்னுடறேன், ராலீன்."

ராலீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீ செத்தவளாவே இரு, லீயான். உன் கையை உடைச்ச உங்கப்பன் இன்னும் உயிரோட இருக்கான்."